ஒரே தடவை பாடுகிறவளுக்கு ஏற்ற கணினி

வீட்டில் பாட்டுப் பதிவு செய்யக் கணினி வாங்குகிறவர்கள் முதலில் விலையைக் கேட்கிறார்கள். அது தப்பு, விமலன் தம்பி. விசிறிச் சத்தத்தைத்தான் கேட்க வேண்டும். இன்ஸ்பெக்டருக்கு எதற்கு இதெல்லாம் என்று நினைக்காதீர்கள். நாளைக்கு உங்கள் பிள்ளை பாடினாலும் பாடும்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஈரம் இன்னொரு தொல்லை. என் பழைய ரேடியோவுக்குள் காளான் முளைத்து, செய்தி வாசிக்கிறவருக்கே தொண்டை கட்டிக்கொண்டது. அதனால் யோசித்து வாங்கலாம் என்று பிரிஞ்சாங் பட்டணத்தில் மைதீன் கடைக்குப் போனேன். அங்கே கணினி விற்பது அவர் மகன் ஃபிக்ரி.

"கேம் ஆடவா தாத்தா?" என்றான்.

"ஒருத்தவங்க பாடுறதப் புடிக்கணும்."

"எத்தன தடவ பாடுவாங்க?"

"ஒரே தடவதான்."

"அப்ப மெமரி கூடப் போட்டுக்குங்க லா. நடுவுல தொங்கிருச்சுன்னா?"

"தொங்கக் கூடாது. மறுபடி ஏற்பாடு பண்றது கஷ்டம்."

நல்ல பையன். பெரிய திரை வேண்டாம், அந்தக் காசை மெமரியில் போடுங்கள் என்றான். மைக்கைக் கணினியோடு சேர்க்க ஒரு சின்னப் பெட்டி கொடுத்தான். எவ்வளவு உசத்தியான கணினியானாலும் விசிறி முனகத்தான் செய்யும், அதனால் மைக் ஓர் அறையிலும் கணினி அடுத்த அறையிலும் இருக்கட்டும் என்றான். அந்த யோசனைக்கு அவனை நீங்கள் ஒன்றும் சொல்லக் கூடாது. யாருக்கும் சொல்லக்கூடிய யோசனைதான்.

பாடுகிறவள் வேலாயி. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சாவு விழுந்தால் அவள்தான் ஒப்பாரி வைப்பாள். செத்தவர் வாழ்ந்த வாழ்க்கையை அப்படியே பாட்டாக்கிவிடுவாள். கல்லுளிமங்கன்கூட மூக்கைச் சிந்துவான். எனக்கும் ஒரு நாள் அவள் பாடுவாள் என்றுதான் நிம்மதியாக இருந்தேன். என் மனைவி போய்விட்டாள். மகன்கள் சிங்கப்பூரில். அவர்கள் அழுவார்கள், போனில் லைன் கிடைத்தால். இந்த நிலைமையில், தீபாவளி கழிந்ததும் வேலாயியை அவள் மகள் ஈப்போவுக்கே கூட்டிப்போகிறாள் என்று கேள்விப்பட்டேன்.

போவதற்கு முன்னால் எனக்கு ஒன்று பாடிக் கொடு, பதிவு செய்து வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டேன்.

"உசுரோட நிக்கிற ஆளுக்கு ஒப்பாரியா? வாயக் கழுவுண்ணே," என்றாள். "பொணம் இல்லாம ஒப்பாரி வச்சா வீட்டுக்கு ஆவாது. ஏழு வீட்டுக்கும் ஆவாது."

அவள் சொன்னது நியாயம். முறை என்றால் முறைதான். பிணம் இல்லாமல் பாட மாட்டாள்.

பக்கத்து வீட்டு நல்லுசாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனும் நானும் ஒரே அச்சு. தொழிற்சாலையில் ஒரே மாடியில் கொழுந்து வாட்டினோம். அவன் மனைவியும் போய்விட்டாள். அவன் மகன்களும் சிங்கப்பூரில்தான். ஒப்பாரியில் பேர் வராது, உறவுமுறைதான் வரும். வேலாயிக்கு அவனும் அண்ணன், நானும் அண்ணன். அவனுக்குப் பாடுவது அளவெடுத்துத் தைத்தது போல எனக்கும் பொருந்தும். எங்கள் இரண்டு பேரில் ஒருவன் சட்டையை இன்னொருவன் போட்டுக்கொள்வதில்லையா, அதைப் போல.

அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். கணினியை என் பக்கம் வைத்தேன். சுவர் இடுக்கு வழியாக வயரை விட்டு, மைக்கை அவன் முன்னறை உத்தரத்தில் கட்டினேன். முக்காலி ஆடியது. அவன்தான் பிடித்துக்கொண்டான்.

"யாருடா பாடப் போறா?" என்றான்.

"வேலாயி."

"அவளா? கேக்க நல்லாருக்கும்டா. எனக்கும் போட்டுக் காட்டு."

அந்த நேரம் அவனுக்குக் கஞ்சி கொண்டுவந்த வேலாயி அண்ணாந்து பார்த்தாள். "சின்னையாண்ணே, தெக்குச் சுவரு ஓரமா தொங்க விட்டிருக்கியே, அங்க யாரு குந்துவா?" என்றாள். அங்கேதான் சத்தம் சரியாக விழும் என்றேன். பொய் இல்லை.

விடிவதற்கு முன்னால் நல்லுசாமி ஓடை தாண்டி முனியாண்டி கோவிலுக்கு விளக்குப் போடப் போவான். ஓடை பள்ளத்தில் ஓடுகிறது. மேலே ஒரு பலகை. எங்கள் மலைப் பனியில் நீட்டிய கை தெரியாது. அவன் பழக்கத்தில் நடப்பவன், குனிந்து பார்க்க மாட்டான். நான் பலகையை எடுத்தேன். அவ்வளவுதான். தள்ளவில்லை. ஆளைத் தள்ளிவிடுகிற புத்தி எங்கள் குடும்பத்திலேயே கிடையாது. அவன் விழுந்த பிறகு பலகையைத் திரும்பப் போட்டுவிட்டேன். பின்னால் வருகிறவர்கள் விழுந்துவிடக் கூடாது இல்லையா?

வழுக்கிவிட்டான் என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வந்தது. முன்னறையில் பெஞ்சு போட்டு, தலையைத் தெற்கே வைத்துக் கிடத்தினார்கள். மைக்குக்கு நேர் கீழே. மேளக்காரர்களை லயத்துக் கோடிக்குத் தள்ளி நிற்கச் சொன்னேன். துக்கத்தில் சொல்கிறேன் என்று அவர்களும் போய் நின்றார்கள். வேலாயி தலைமாட்டில் உட்கார்ந்தாள். நான் என் வீட்டுக்கு வந்து பொத்தானை அழுத்தினேன்.

கணினி தொங்கவே இல்லை. விசிறி முனகல் துளிகூட இல்லை. ஃபிக்ரி கெட்டிக்காரன்.

குறை பாட்டில்தான் இருந்தது.

*காச்சல்ல நாங்க கெடந்தா – எண்ணே*
*கஞ்சி வச்சு ஊத்துனியே*
*ஓடைக்குப் பலக போட்டு – எண்ணே*
*ஊரையே கடக்க விட்ட*
*நீ போட்ட பலகையேதான் – எண்ணே*
*நெஞ்சறிஞ்சு கைவிட்டுச்சா*

அந்தப் பலகை அவன் போட்டது என்று எனக்கு மறந்தே போயிருந்தது. அடுத்தடுத்து அதே கதைதான். யார் பிள்ளையையோ தோளில் சுமந்து ரிங்லெட் டாக்டரிடம் ஓடினானாம். யார் வீட்டுக்கோ கூரை மாற்றினானாம். எல்லாம் நான் பக்கத்து வீட்டில் இருந்தபோதே நடந்தவை. எனக்குப் பொருந்தாத வரிகளை வெட்டிப் போட்டேன். கணினியில் அது சுலபம். கடைசியில் ஒன்றுதான் தேறியது. பாடத் தொடங்கும் முன் அவள் மூச்சை இழுக்கிற சத்தம்.

கருமாதி முடிந்ததும் வேலாயி வந்தாள். வாசலைத் தாண்டவில்லை.

"மைக்க எப்பண்ணே கட்டுன?" என்றாள். "தலமாட்டுக்கு நேரா, அவரு சாவுறதுக்கு மொத நாளே கட்டிட்டியே."

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன்.

"ஈப்போ என்ன, சீமையிலயா இருக்கு? சேதி வந்தா லோரி புடிச்சாவது வந்து ஒனக்கு அழுதிருப்பேனே. இனிமே என் வாயி தொறக்காது."

பிறகுதான் உங்களிடம் வந்திருக்கிறாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பாடுகிறவர்களுக்குக் கொஞ்சம் முன்கோபம் இருக்கும்.

கணினியை நீங்கள் எடுத்துவந்துவிட்டீர்கள். ஈரத்தில் வைக்காதீர்கள், காளான் முளைக்கும். அந்த மூச்சை மட்டும் அழித்துவிடாதீர்கள் தம்பி. நான் போகிற அன்று அதை ஒரு தடவை போட்டால் போதும். கேட்கிறவர்கள், இதோ, வேலாயி எனக்காக அழத் தொடங்கப் போகிறாள் என்றே நினைப்பார்கள்.