நிறுத்தச் சொல்லும்வரை

மாலை ஆறரை மணி இருக்கும். மழை விட்டிருந்தது, மேகம் விடவில்லை. பஸ் நிறுத்தத்திலிருந்து நர்சிங் கல்லூரிக்குப் போகிற சாலையில் வீடு கிடையாது, கடை கிடையாது. ஒரு பக்கம் மூடிப்போன தொழிற்சாலையின் நீண்ட மதில், மறுபக்கம் சாக்கடை. அந்த வழியில் குடையை மடக்கிப் பிடித்தபடி ஒருத்தி தனியாக நடந்துகொண்டிருந்தாள்... என் சிநேகிதனின் அக்கா. இது அவளுக்கு நடந்தது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இதைச் சத்தமாகச் சொல்ல எனக்கு வராது.

அக்கா அந்தக் கல்லூரியில் ஆசிரியை. அவள் வேலை விசித்திரமானது. நோயாளிமேல் கை வைக்கும் முன் மாணவிகள் ஒரு பொம்மையை வைத்துப் பழக வேண்டும். ஆள் உயரப் பொம்மை. கட்டிலில் படுத்திருக்கும். நாடி துடிக்கும், நெஞ்சு ஏறி இறங்கும், கண் இமைக்கும். கழுத்துக்குள் ஒரு ஸ்பீக்கர். எதிர்ச் சுவரில் பெரிய கண்ணாடி. அதற்குப் பின்னால் இருட்டறையில் கம்ப்யூட்டரோடு அக்கா உட்கார்ந்திருப்பாள். அங்கிருந்து பார்த்தால் கட்டில் தெரியும். கட்டில் பக்கம் நின்று பார்த்தால் தன் முகம்தான் தெரியும்.

நாடியை ஏற்றுவதும் இறக்குவதும் அவள். மைக்கில் நோயாளியாகப் பேசுவதும் அவளே. கிழவர் குரலில் அவள் முனகினால் மாணவிகளுக்கு நிஜமாகவே கண் கலங்கும். பொம்மைக்குப் 'பெரியவர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்தக் குரல் அவளுடைய அப்பாவுடையது. அதே இருமல், அதே இழுவை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய் இரண்டு வருடம் ஆகிறது. வீட்டில் அவரிடமிருந்து ஒரு சொல் வராது. கல்லூரியில் தினமும் பேசிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கும் ஒரு பங்கு சம்பளம் கொடுத்துவிடு என்று தம்பி, அதாவது என் சிநேகிதன், ஒருதரம் கிண்டலடித்தான். அக்கா சிரிக்கவில்லை.

அன்று அவள் வந்தது ஒரு மாணவிக்காக. ஒல்லிப்பிச்சான் பெண். தோழிகள் 'கொசு' என்று கூப்பிடுவார்கள். நின்றுபோன இதயத்தை அழுத்தி ஓடவைக்கும் பரீட்சையில் இரண்டு முறை கோட்டைவிட்டவள். மறுநாள் கடைசி வாய்ப்பு. அதிலும் போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அவளிடம் குறை ஒன்றுதான்... வலிக்குமோ என்று பயந்து பாதியில் கையை எடுத்துவிடுவாள்.

"உயிர் போறவருக்கு வலி ஒண்ணும் பெரிசில்ல. நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும் கைய எடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு அக்கா இருட்டறைக்குள் போனாள்.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. கொசு மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். எப்படி இருக்கிறது ஐயா என்று கேட்டாள். பதில் சொல்ல அக்கா மைக் பட்டனை நோக்கிக் கை நீட்டினாள். தொடவில்லை...

"தலகாணிய கொஞ்சம் தூக்கி வைம்மா. மூச்சு முட்டுது."

அக்காவின் விரல் அந்தரத்தில் நின்றது. மைக்கின் சிவப்பு விளக்கு எரியவில்லை. எப்போதோ பதிவுசெய்து வைத்ததாக இருக்கும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள். அக்காதான் பேசுகிறாள் என்று கொசுவுக்கு நினைப்பு. தலையணையை உயர்த்தி வைத்தாள். கூட யாராவது வந்திருக்கிறார்களா என்று, சொல்லிக்கொடுத்தபடியே கேட்டாள்.

பொண்ணு வந்திருக்கிறாள் என்றது குரல். எங்கே என்று கேட்டாள் கொசு.

இமைக்க மட்டுமே தெரிந்த அந்தக் கண்கள் மெல்லப் புரண்டன... கண்ணாடியில் வந்து நின்றன.

"அந்தப் பக்கம் இருக்கா. வர மாட்டா."

இருட்டறையில் திடீரென்று ஒரு வாடை. அப்பாவின் முதுகுப் புண்ணுக்குப் போடும் பவுடர், ஈரப் போர்வை... இரண்டும் கலந்த வாடை. எழுந்து போய்விட வேண்டும் என்று அக்காவுக்குத் தோன்றியது. நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

திரையில் நாடி இறங்கியது. எண்பது. அறுபது. முப்பது. அவள் இறக்கவில்லை. ஏற்றுவதற்கான பொத்தானை அழுத்தினாள். திரும்பத் திரும்ப அழுத்தினாள். கோடு படுத்துவிட்டது.

கொசு நெஞ்சில் கையை ஊன்றி அழுத்தத் தொடங்கினாள். சரியான ஆழத்துக்கு அழுத்தினால் பொம்மைக்குள் ஒரு சத்தம் வரும். டக்... டக்... டக்... நடுவே ஒருமுறை மட்டும் வேறு சத்தம். காய்ந்த சுள்ளி ஒடிவதுபோல. அந்தப் பொம்மைக்குள் எலும்பு கிடையாது.

அப்போது அக்காவின் போன் அடித்தது. தம்பி.

"அக்கா... அப்பா போயிட்டாரு. நீ உடனே வா."

ஓடினாள். கட்டில் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மதிலோரச் சாலை முழுக்க அந்த டக் டக் காதிலேயே இருந்ததாம்.

வீட்டில் தம்பி அழவில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றிருந்தான். அடுத்த தெருவிலிருந்து வந்த டாக்டர் நாடி பார்த்து, கண்ணில் விளக்கடித்து, முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார். பிறகு என்னவோ சத்தம் கேட்டுத் திரும்பியவர், பையைக்கூட மூடாமல் கிளம்பிப் போய்விட்டார்.

அக்கா கட்டிலுக்கு அருகே போனாள். அப்பாவின் கை சில்லிட்டிருந்தது. மூக்கில் காற்றில்லை. ஆனால் நெஞ்சு... நடுவில் பள்ளமாக அமுங்கியது, எழும்பியது. அமுங்கியது, எழும்பியது. ஒவ்வொரு தடவையும் உள்ளே டக் என்றது.

அவளுக்கு உறைத்தது. நிறுத்தச் சொல்லாமல் வந்துவிட்டோம். கொசுவுக்குப் போன் போட்டாள்.

"போதும்மா. நிறுத்திடு. கைய எடுத்துடு."

மறுமுனையில் பெண்கள் பேசிக்கொள்ளும் சத்தம், தட்டு கழுவும் சத்தம்...

"மன்னிச்சிருங்க மேடம். நீங்க போன கொஞ்ச நேரத்துலயே கை ஓஞ்சுபோய் நானே நிறுத்திட்டேன். லேபைப் பூட்டிட்டாங்க. நான் ஹாஸ்டல்ல இருக்கேன்."

அக்கா போனைக் கீழே வைத்தாள். அப்பாவின் நெஞ்சருகே குனிந்து போதும் என்றாள். கெஞ்சிச் சொன்னாள். வகுப்பில் அதட்டுவதுபோல அதட்டிச் சொன்னாள். கடைசியில் அந்தக் கிழவர் குரலிலேயே சொன்னாள். தம்பி காதைப் பொத்திக்கொண்டான். போர்த்திப் பார்த்தார்கள். போர்வையும் சேர்ந்து அமுங்கியது.

கொசு மறுநாள் பரீட்சையில் தோற்றாள். பொம்மையின் நெஞ்சில் கையை வைத்தாளாம்... அழுத்த முடியவில்லையாம். அந்த வீட்டில் நடந்தது எதுவும் அப்போது அவளுக்குத் தெரியாது.

துக்கம் கேட்க வந்தவர்கள் வாசலோடு திரும்பினார்கள். நிற்குமா என்று அக்காவும் தம்பியும் மதியம்வரை பார்த்தார்கள். அதற்கு மேல் வைத்திருக்க முடியாது. அப்படியே பெட்டியில் வைத்து மூடி எடுத்துக்கொண்டு போனார்கள். வழி நெடுக அக்கா பெட்டியின்மேல் கையை வைத்தபடி நடந்தாள். பாதி வழியில் உள்ளே அந்தச் சத்தம் தளர்ந்தது என்கிறான் சிநேகிதன். டக்... ... டக்... ... ... டக். கை ஓய்ந்துபோனவர் அழுத்துவதுபோல. அக்கா நின்றாள். எல்லோரும் நின்றார்கள்.

பிறகு மறுபடியும் வேகமாக, பலமாகக் கேட்டது... ஆள் மாற்றிக்கொண்டதுபோல.