உங்க மண்டபம் வந்துருச்சு

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ். முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் எள்ளுப் பொட்டலம்.

“அம்மா மண்டபம் என் மண்டபமாம், அண்ணி.”

“யாரு சொன்னா?”

“எம் பையன்தான். பட்டாளத்துலேருந்து லீவுல வர்றப்பல்லாம் அந்த ஸ்டாப்புல, ‘அம்மா, உங்க மண்டபம் வந்துருச்சு, இறங்குங்க’ன்னு கத்துவான். பஸ்ஸே சிரிக்கும்.”

“நீ?”

“திதி குடுக்குற எடத்த வச்சு என்னடா வெளையாட்டுன்னு திட்டுவேன். இப்ப அவனுக்கே குடுக்கப் போறேன். ஒரு தடவையாவது நானும் சிரிச்சிருக்கலாம்.”

பாலம் தாண்டியதும் கண்டக்டர், “அம்மா மண்டபம் இறங்குங்க” என்றார். அவள் அசையவில்லை. கண்டக்டர் மறுபடியும் கூப்பிட்டார்.

அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எந்திரிம்மா. உன் மண்டபம்தான்.”