ஒரே வினாடியில் இருவர்

ஓடுவதற்குக் காலணி வாங்குவதாக இருந்தால் மாலையில் போய் வாங்குங்கள், மேடம். காலையில் பாதம் சுருங்கி இருக்கும். நாள் முழுக்க நின்று நடந்த பிறகுதான் அதன் சரியான அளவு தெரியும். அதிலும் அரை அளவு கூட்டியே வாங்க வேண்டும். நாற்பது கிலோமீட்டர் தாண்டினால் கால் வீங்கும், நகம் முன்பக்கம் இடித்து இடித்துக் கறுத்து விழுந்துவிடும். என் மனைவிக்கு எப்போதும் நான்தான் பார்த்து வாங்கினேன். அவளுக்கு ஒரு நகம்கூட விழுந்ததில்லை. உங்கள் மேசைமேல் பையில் போட்டு வைத்திருக்கிறீர்களே, அந்த நீலக் காலணியும் நான் வாங்கியதுதான்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன். நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். இருபத்திரண்டு வருட வேலை. அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருந்தாள். பல்லைப் பிடுங்கப் பயந்து வாசலோடு திரும்பப் பார்க்கிறவர்களைப் பேசிப் பேசியே நாற்காலிவரை கொண்டுவந்துவிடுவாள். மருத்துவருக்குக் கைராசி, உனக்கு வாய்ராசி என்று அங்கே கேலி செய்வார்களாம்.

ஓட்டம் என்னுடைய பைத்தியம். ரத்த அழுத்தத்துக்காக நாற்பது வயதில் ஆரம்பித்தது. என் முதல் மாரத்தானில், முப்பத்து நான்காவது கிலோமீட்டரில், சாலையோரம் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன். ஒருவழியாக முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, மாடிப்படியைப் பின்பக்கமாகத்தான் இறங்க முடிந்தது. "ஊரையே லிஃப்ட்ல ஏத்தி விட்டுட்டு இவர் படுற பாட்டைப் பாரு" என்று மகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அடுத்த மாதமே நான் இரண்டாவது மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தேன். நாற்பத்திரண்டு போய் ஐம்பது வந்தது, ஐம்பது போய் எழுபத்தைந்து வந்தது. விடுமுறை நாளெல்லாம் சாலையிலேயே போனது. ஒருநாள் அவளும் காலணி கேட்டாள். ஏன் என்றேன்.

"லீவு நாள்ல புருஷன் மூஞ்சியைப் பாக்கணும்னா நானும் ஓடித்தான் ஆகணும் போல இருக்கு."

அப்படித்தான் வந்தாள். வேகம் கிடையாது. ஆனால் நிற்க மாட்டாள். எங்கள் ஓட்டக் குழுவில் எங்களுக்கு 'ஆமை ஜோடி' என்று பெயர் வைத்தார்கள். அவளுக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த மலை ஓட்டம் எழுபத்தைந்து கிலோமீட்டர். காலை ஐந்து மணிக்குத் தொடக்கம், மாலை ஆறு மணிக்குள் முடிக்க வேண்டும். கணவன் மனைவி சேர்ந்து ஓட ஒரு தனிப் பிரிவு உண்டு. அதில் ஒருவர் நின்றால் இருவரும் நின்ற மாதிரி. தொடர்ந்து ஐந்து வருடம் முடித்த ஜோடிக்கு ஒரு நிரந்தர எண் தருவார்கள். அதற்குப் பிறகு அந்த எண்ணை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். கேட்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம். என் பெயர் ஒட்டிய பொருள் என்று எனக்கு வாழ்க்கையில் ரேஷன் கார்டு தவிர வேறொன்றும் இல்லை. நாங்கள் நான்கு வருடம் முடித்திருந்தோம். நான்கும் நேர்மையாக ஓடியது. அதில் ஒரு அடி பொய் கிடையாது.

சிப் பற்றி நீங்களே விசாரித்துத் தெரிந்துகொண்டிருப்பீர்கள். நகத்தளவு வில்லை. காலணிக் கயிற்றில் கோத்துக் கட்டிவிடுவார்கள். வழியில் அங்கங்கே தரையில் ஒரு பாய் விரித்திருக்கும். அதை மிதித்ததும் நம் எண்ணும் நேரமும் பலகையில் ஏறிவிடும். யார் எங்கே இருக்கிறார்கள் என்பதை அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். யாராவது ஏறவில்லை என்றால் தேடிக்கொண்டு ஆள் போகும்.

எங்கள் தொழிலிலும் இப்படி ஒன்று உண்டு. கதவு திறந்திருந்தால் லிஃப்ட் நகராது. பழுது பார்க்கும்போது மட்டும் ஒரு துண்டுக் கம்பியைப் போட்டு இணைப்போம். கதவு மூடியிருக்கிறது என்று லிஃப்ட் நம்பிவிடும். வேலை முடிந்ததும் மறக்காமல் அதை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால், கதவு திறந்தபடியே லிஃப்ட் மேலே போய்விடும். பார்க்காமல் கால் வைக்கிறவர் குழிக்குள் போவார். அதனால் கம்பி போட்டவுடன் என் மணிக்கட்டில் ஒரு சிவப்பு நூல் கட்டிக்கொள்வேன். கம்பியை எடுத்த பிறகுதான் நூலை அவிழ்ப்பேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒருமுறைகூட மறந்ததில்லை. என் கம்பெனியில் கேட்டுப் பாருங்கள்.

இந்த வருடம் ஓட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் அவளுக்குக் காய்ச்சல். முந்தின நாள் விட்டுவிட்டது. ஆனாலும் கண் உள்ளே போயிருந்தது. "இந்தத் தடவை நீங்க மட்டும் ஓடுங்களேன். நான் முடியிற எடத்துல நின்னு கை தட்டுறேன்" என்றாள். அவள் காலணியை எடுத்துத் துடைத்துவைத்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. என்னை வாய் திறந்து கேட்க வைக்க மாட்டாள், அப்படிப்பட்டவள்.

நாற்பதாவது கிலோமீட்டரில் மூன்றாவது பாய். அதை அவள் காலால்தான் மிதித்தாள். அதிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளிப் பாதை பிரிகிறது. ஓட்டப் பாதை மலையைச் சுற்றி, உச்சியில் இருக்கும் கோபுரத்தைத் தொட்டு, இருபது கிலோமீட்டர் போய் இறங்கும். பழைய நடைபாதை ஒன்று மலை முகட்டைக் குறுக்கே தாண்டும். அது மூன்றே கிலோமீட்டர். இரண்டும் அந்தப் பக்கம் பாழடைந்த பம்ப்ஹவுஸ் பக்கத்தில் சேரும்.

பாதை பிரிகிற அந்த இடத்தில் அவள் வாந்தி எடுத்தாள். கல்மேல் உட்கார்ந்தாள். மணி பன்னிரண்டு.

"என்னால முடியலைங்க. நான் நின்னுக்கறேன். நீங்க போங்க."

திரும்பி ஒரு கிலோமீட்டர் நடந்தால் கூடாரம். அங்கே ஜீப் இருந்தது, நர்ஸ் இருந்தார். இதை நான் மறைக்கவில்லை. ஆனால் அங்கே போனால் சிப்பைக் கழற்றி வாங்கிவிடுவார்கள்.

நான் யோசித்துத்தான் சொன்னேன். நீ குறுக்குப் பாதையில் மெதுவாக நட, பம்ப்ஹவுஸில் நிழலில் உட்கார்ந்திரு, உன் சிப்பை நான் கொண்டுபோகிறேன், அங்கிருந்து கடைசிப் பதினான்கு கிலோமீட்டர் சேர்ந்து முடித்துவிடலாம் என்றேன்.

"வேணாங்க. அது தப்பு."

"நாலு வருஷம் உண்மையா ஓடியிருக்கோம். இந்த இருபது கிலோமீட்டர்ல என்ன வந்துடப் போவுது?"

மண்டியிட்டு அவள் இடது காலணிக் கயிற்றை அவிழ்த்தேன். விழாமலிருக்க என் தலையில் கை வைத்துக்கொண்டாள். கை சுட்டது. "இருபத்தோரு வருஷத்துல இப்பதான் என் கால்ல விழுந்திருக்கீங்க, மெக்கானிக்" என்று சிரித்தாள். சந்தோஷமாக இருந்தால் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். சிரித்தால் சம்மதம் என்றுதானே அர்த்தம்? சிப்பை எடுத்துக்கொண்டு கயிற்றை நானே இரட்டை முடிச்சாகக் கட்டிவிட்டேன். எடை குறையட்டும் என்று இடுப்புப் பையையும் வாங்கிக்கொண்டேன். அவள் போன் அதில் இருந்தது. தண்ணீர் பாட்டில் ஒன்றை அவள் கையிலேயே விட்டேன்.

எங்களுக்குப் பின்னால் யாரும் இல்லை. கடைசி ஆளாக ஒருவர் அடையாள நாடாக்களை அவிழ்த்துக்கொண்டே வருவார். அவர் கையில் இருக்கும் பட்டியல்படி நாங்கள் இரண்டு பேரும் கோபுரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். கோபுரத்துப் பாயை இரண்டு பேருக்காகவும் நான் மிதித்தேன். மூன்றே முக்காலுக்குப் பம்ப்ஹவுஸுக்கு வந்து சேர்ந்தேன். அவள் அங்கே இல்லை. வெகுநேரம் காத்திருந்தேன். முன்னாலேயே போயிருப்பாள், ரோடு பிடித்து இறங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஐந்து நாற்பத்தொன்றுக்கு முடித்தேன். இரண்டு எண்ணும் பலகையில் ஏறின. பதக்கம் போடுகிற பெண், "மேடம் எங்க சார்? போர்டுல வந்துடுச்சே" என்றாள்.

"கால் வலின்னு அந்தப் பக்கம் உக்காந்துட்டா. குடும்மா, நானே போட்டு விட்டுடறேன்."

அப்போது சொல்லியிருக்கலாமே என்றீர்கள். வெளிச்சம் இருந்தது, ஜீப் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள். வாஸ்தவம். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் சொன்னால் அவளை ஏமாற்றுக்காரி என்பார்கள் இல்லையா? அவள் மானம் போகும். கொஞ்ச நேரத்தில் அவளே வந்துவிடுவாள், பார்க்கலாம் என்று வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறரைக்கு மேடைக்குக் கூப்பிட்டார்கள். நிரந்தர எண் 118. அவளுக்கும் சேர்த்து நானே வாங்கிக்கொண்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். கடைசி ஆளும் வந்து சேர்ந்து, "மலையில் யாரும் இல்லை" என்று கையெழுத்துப் போட்டார். கூடாரங்களைப் பிரித்தார்கள்.

அதன் பிறகு சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. ஓட்டத்தை முடித்துவிட்டு, பையை என்னிடம் கொடுத்துவிட்டு, பேருந்து நிலையம் பக்கம் போனவள் திரும்பவில்லை என்று உங்கள் ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்தேன்.

மறுநாள் காலை எங்கள் மகள் விடுதியிலிருந்து வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அம்மா ரேஸை முடிச்சாளாப்பா?"

"முடிச்சாம்மா."

"அப்பாடா. அதுக்காகத்தான் வருஷம் பூரா உசுர விட்டா."

அந்தப் பதக்கத்தை வாங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். இரண்டு நாள் பேருந்து நிலையம், ரயில் நிலையம், மருத்துவமனை என்று ஒன்றுவிடாமல் அலைந்தோம். அம்மா படத்தை அச்சடித்துச் சுவரெல்லாம் ஒட்டினாள். பசை வாளியை நான் தூக்கிக்கொண்டு போனேன். நீங்கள் ஏன் மலைக்குப் போகவில்லை என்று கேட்டீர்கள். அந்த நிலைமையில் பெற்ற பெண்ணைத் தனியாக விட்டுவிட்டு நான் எங்கே போவது?

மூன்றாம் நாள் வனக்காவலர் கண்டுபிடித்தார். பம்ப்ஹவுஸுக்கு மேலே, இருநூறு அடி தூரத்தில், நடைபாதை ஓரத்துப் பள்ளத்தில். கால் எலும்பு முறிந்திருந்தது. அது சாகிற காயம் இல்லை என்று டாக்டர் எழுதியிருக்கிறார். தண்ணீர் இல்லாமலும் குளிரிலும் போயிருக்கிறாள். இரண்டாம் நாள் விடிகிறவரை உயிர் இருந்திருக்கும் என்றும் எழுதியிருக்கிறார். அந்த வரியை நீங்கள் படித்துக் காட்டியபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாங்கள் முதல் சுவரொட்டியை ஒட்ட ஆரம்பித்தது கிட்டத்தட்ட அந்த நேரம்தான்.

ஓட்டம் முடிந்த பிறகு ஏதோ நினைப்பில் திரும்பி மலைக்குப் போயிருப்பாள் என்று எல்லோரும் நம்பினார்கள். நீங்கள் மட்டும் பலகைக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். முதல் மூன்று பாயில் அவள் எனக்கு நாலைந்து வினாடி பின்னால். அதற்கப்புறம் நான்கு இடத்திலும் இருவருக்கும் ஒரே வினாடி. "எவ்வளவு ஒத்துப்போற புருஷன் பொண்டாட்டியும் நாலு தடவை ஒரே வினாடியில கால் வைக்க மாட்டாங்க" என்றீர்கள். நல்ல கவனம், மேடம். எங்கள் தொழிலுக்கு வந்திருந்தால் நன்றாக வந்திருப்பீர்கள்.

பிறகு என் கைக்கடிகாரத்தையும் வாங்கிப் பார்த்தீர்கள். ஓடுகிறவன் எங்கே எவ்வளவு நேரம் நின்றான் என்பதெல்லாம் அதில் பதிவாகும். பம்ப்ஹவுஸில் வெகுநேரம் காத்திருந்தேன் என்று சொன்னேன். கடிகாரம் நான்கு நிமிடம் என்கிறது. கடிகாரம் சொல்வதுதான் சரியாக இருக்கும். எனக்கு அது வெகுநேரமாகத்தான் தெரிந்தது.

நான்கு நிமிடமும் அசையாமல் ஒரே இடத்தில் நின்றிருக்கிறீர்களே, மனைவியைத் தேடுகிறவன் அப்படியா நிற்பான் என்று கேட்டீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன், மகளுக்கு மட்டும் தெரிய வேண்டாம்.

நான் தேடவில்லை. தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. மேலேயிருந்து அவள் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "மெக்கானிக்" என்று இல்லை. "என்னங்க, என்னங்க" என்று. குரல் தெம்பாகத்தான் இருந்தது. இவ்வளவு சத்தமாகக் கூப்பிட முடிகிறவளுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது என்று நினைத்தேன். மேலே ஏறி அவளை இறக்கிக் கொண்டுவந்தால் ஆறு மணிக்குள் முடிக்க முடியாது. பதில் குரல் கொடுத்தால் அப்புறம் என்னால் கிளம்ப முடியாது. அதனால் மூச்சுக்கூட விடாமல் நின்றேன்.

அவள் கூப்பிடக் கூப்பிட விட்டுவிட்டு ஓடினேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், மேடம். எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் நிறுத்திய பிறகுதான் கிளம்பினேன்.