குனிஞ்சு வந்த நத்தார் பாப்பா

தலை இடிபடல்லதானே? நல்லது, நல்லது. இல்ல, அந்த முகமூடியக் கழட்டாதீங்க. புள்ளைகள் எந்த நேரமும் குசினிக்குள்ள பாய்ஞ்சு வருங்கள். கதையும் வேணாம், தலைய மட்டும் ஆட்டுங்க, போதும். போன வருசம் வந்த நத்தார் பாப்பா ஒருக்காத் தும்மினதுதான், மாமாட மகள் ஷெரோன் கண்டுபிடிச்சிட்டாள், ஐயோ இது பக்கத்து வீட்டு நிலோஜன் அண்ணா எண்டு. மறுகா ஆருக்கு டான்ஸ், ஆருக்குக் கிப்ட்? தாடியப் புடிச்சு இழுக்கத்தான் சண்டை.

இந்தக் கதிரையில இருங்க. வேர்க்குதா? வேர்க்கும்தான், மழை விட்ட புழுக்கம், வயித்தில தலையணை வேற. சோடா குடிங்க. வாய்க்கிட்ட ஓட்டை இரிக்கி, ஸ்ட்ரோவால உறிஞ்சுங்க. ஜொய்சன்ட கரோல் கோஷ்டி முன்வாசலில ட்ரம் அடிக்கக்குள்ள நீங்க ஆடிக்கொண்டு உள்ள போகணும். நான் பேர் வாசிப்பன், நீங்க எடுத்துக் குடுங்க.

மொத்தம் பத்துப் பேர். சித்திட நாலு, மாமாட ஆறு. எல்லாம் எனக்குத் தம்பி தங்கச்சி, மச்சான் மச்சாள் முறை. முறைதான் பெரிசு, மூத்தவனுக்கே பன்னிரண்டு வயசு. காலையில இருந்து முப்பது பலூன் ஊதினன், ரெண்டு மிஞ்சிக் கிடக்கு. பாலன் குடிலில வெச்ச ஆட்டுக்குட்டியக் காணல்லயெண்டு வீடு முழுக்கத் தேடினம், கடைசில மாமாட சின்னவன்ட காற்சட்டைப் பைக்குள்ள கிடந்திச்சு. பாவமாம், அதுக்குப் பசியாம், கேக் தீத்தினவனாம். கேக்குதா? சர்மிலாக்கா, சர்மிலாக்கா! வாறன்டா, பொறுங்க! எனக்குத் தொண்டை போச்சு.

ஊரெல்லாம் வெடிக்குது, இந்த வீட்டில மட்டும் ஒரு சத்தமும் இல்லயே எண்டு பாக்குறீங்களோ? இஞ்ச வெடி இல்ல. மத்தாப்பும் இல்ல. அஞ்சு வருசமா இல்ல.

முந்தி இந்தப் பார்ட்டி நடத்தினது எங்கட அண்ணன், சிறில். அவன் நடத்தினாத்தான் பார்ட்டி, நான் நடத்துறது சும்மா. சித்திட மூத்தவன் பிறின்ஸுக்கு அப்ப ஏழு வயசு, அண்ணன்ட வாலப் புடிச்சுக்கொண்டே திரிவான். அண்டைக்கு அண்ணன் ஒரு சீன வெடியக் கொளுத்தி அவன்ட கையில குடுத்து, எறிடா மனே, பயப்படாத எண்டான். திரி கட்டை. எறிய முந்தி வெடிச்சிட்டு. வலக்கையில ரெண்டு விரல் இண்டைக்கும் மடங்காது.

ஆஸ்பத்திரி வாசலில வெச்சு சித்தி கத்தினா, இனி என்ட புள்ளைட கண்ணில முழிக்காத எண்டு. பெத்தவ, கத்தத்தானே செய்வா? அத அப்பிடியே புடிச்சுக்கொண்டு, விடிய பஸ் ஏறினவன்தான். நாலு நத்தார் போயிட்டு, இது அஞ்சாவது. போன் எடுத்தா, சாப்பிட்டியா எண்டு கேட்டிட்டு வெச்சிடுவான். எனக்குக் கோபம் கோபமா வரும். மறுகா அழுகை வரும். கூடப் பொறந்தது ஒருத்தன்தானே.

என்ன, சோடாவ வெச்சிட்டீங்க? குடிங்க.

பிறின்ஸோ? அவன் இடக்கையால எழுதப் பழகிட்டான். எழுத்துக் கோணல், ஆனா கிரிக்கெட்டில பந்து போட்டானெண்டா ஒருத்தரும் நிக்கேலாது. ஒவ்வொரு நத்தாருக்கும் ஒரே கேள்வி, அண்ணன் வரல்லயா எண்டு.

ஓம், பைக்குள்ள பதினொரு பார்சல். எண்ணிட்டீங்க போல. கடைசிய நான் வாசிக்கமாட்டன். அது பிறின்ஸ் கட்டினது, அவன்தான் வாசிப்பானாம். உள்ளுக்கு மத்தாப்புப் பெட்டி. இந்த வருசம் கொளுத்துவானாம், ஒராள் பக்கத்தில நிண்டா.

அந்த மூடின கோப்பையோ? சித்தி பொரிச்ச இறால் கட்லட். புள்ளைகளத் தொட விடல்ல. ஆருக்கெண்டு கேட்டன், மூடி வெச்சிட்டுப் போயிட்டா. இந்த வீட்டில இறால் கட்லட்டுக்கு உசிர விடுறது ஒராள்தான்.

உனக்கு ஒண்டு சொல்லவா? இந்தக் குசினி வாசல் நிலை சரியான பதிவு, ஆள் உசரத்துக்குக் காணாது. நாலு வருசமா வந்த நத்தார் பாப்பாமார் அவ்வளவு பேரும் நெத்திய இடிச்சவங்க. முகமூடியோட மேல தெரியாதுதானே. நீ மட்டும்தான் பாக்காமலே குனிஞ்சு வந்தாய், அண்ணன்.

ஒருத்தருக்கும் தெரியாதெண்டு சொல்லித்தான் ஜொய்சன் கூட்டி வந்திருப்பான். பொய். பிறின்ஸ்தான் அவன்ட வீட்ட போய்க் கேட்டவன், எங்கட அண்ணன் ஊருக்கு வந்திட்டானாம், அவன நத்தார் பாப்பாவா அனுப்புங்க எண்டு. நீ வருவியா எண்டுதான் எனக்கு நிச்சயமில்லாம இருந்திச்சு.

ஐயோ, அழாத. கடதாசி முகமூடி, ஊறிப் போயிடும். இந்தா, ட்ரம் அடிக்கிறாங்க. ஒழும்பு. பையத் தூக்கு. அங்காலயும் நிலை பதிவுதான், குனிஞ்சு போ.