விசில் இல்லாத பெட்டி

எனக்கு வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் நின்று வேடிக்கை பார்ப்பது பிடிக்கும் சார். நேரம் ஆனதும் டைம் கீப்பர் விசில் ஊதுவார். டிரைவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தாக வேண்டும். அடுத்த வண்டிக்கு இடம் கிடைத்துவிடும்.

கம்ப்யூட்டரிலும் ஒரே சிப்தான் பல வேலைகளை மாற்றி மாற்றிச் செய்கிறது. நேரம் பார்த்து ஒரு வேலையை நிறுத்தி அடுத்ததை ஓடவிடுவது ஒரு முறை. அந்த வேலை தானாக விலகட்டும் என்று காத்திருப்பது இன்னொரு முறை. வடமதுரைப் பக்கம் ஒரு நூற்பாலைக்கு கண்ட்ரோல் பெட்டி செய்தபோது, இதற்கு விசில் வேண்டும் என்றேன். எங்கள் முதலாளி மரியராஜ் எல்லார் முன்னாலும் சிரித்தார்.

"ஏலே அப்பு, ஒழுங்கா எழுதுனா அதுவே வெலகும். ஒனக்கு எழுத வரலேன்னு சொல்லு. அதுக்கு எதுக்கு விசிலு?"

டிவி ரிப்பேர் பார்த்து முதலாளியானவர். கூட வேலை பார்த்த பிரிஸ்கில்லாவும் சிரித்தாள். அவளுக்கு இரண்டு முறைக்கும் வித்தியாசம் தெரியாது. முதலாளி எப்போது சிரிப்பார் என்பது தெரியும்.

அவர் சொன்னபடியே எழுதினேன். ஷிப்ட் முடிவில் உற்பத்தி விவரத்தை அச்சடிக்கும் வேலையை மட்டும் நடுவில் விலகாதபடி எழுதினேன். ஏழு நொடி. அதுவரை மெஷினை நிறுத்தும் சிவப்பு பட்டனை யார் அழுத்தினாலும் பெட்டி கவனிக்காது. மறதி என்று நினைத்துவிடாதீர்கள். ஒருநாள் அவர் கண்முன்னால் மெஷின் நிற்காமல் ஓட வேண்டும். அவர் முகத்தை நான் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

போன செவ்வாய்க்கிழமை மதியம், ஷிப்ட் மாறும் நேரம், நானும் மரியராஜும் மில்லில் இருந்தோம். சகாயசெல்வி என்ற தொழிலாளியின் வலது கை பஞ்சோடு உருளைக்குள் போனது. உற்பத்தி விவரம் அப்போதுதான் அச்சாகத் தொடங்கியிருந்தது. இடது கையால் சிவப்பு பட்டனை அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, நிக்க மாட்டேங்குது."

மரியராஜ் அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்தார். "மெயின அமத்துடா" என்றார். மெயின் சுவிட்ச் என் தோளை ஒட்டித்தான் இருந்தது. நான் வாட்சைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தேன். நடுவில் நிறுத்தினால் நான் சொன்னது எப்படி நிரூபணமாகும்?

ஏழாவது நொடியில் மெஷின் தானாக நின்றது. ஆஸ்பத்திரியில் கையை முழங்கையோடு எடுத்துவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். பாவம், நல்ல பெண்.

என் கணக்கு ஒரு நொடிகூடப் பிசகவில்லை சார். மரியராஜ்தான் இன்னும் என்னிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை.