சோலைச்சாமி மார்க் சரவெடி

காலையில் ஒரு டீ குடித்துவிட்டால் நான் யாரிடமும் முகம் சுளிக்க மாட்டேன். நம் அச்சகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முதலாளி நீங்கள் கேட்பதால் சொல்கிறேன், கமாலுதீன் பாய். மற்றபடி இது பெரிய விஷயமே அல்ல.

ஏழாயிரம்பண்ணை பட்டாசுக் கம்பெனி சோலைச்சாமி அண்ணாச்சிக்குச் சரவெடிப் பெட்டியில் தன் முகம்தான் இருக்க வேண்டும். இந்தியா முழுக்க அந்த முகம் தெரிய வேண்டும் என்று ஆசை. நல்ல ஆசைதான். அதற்காகக் கம்ப்யூட்டரில் அட்டைப் படம் வடிவமைக்கும் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு, "மீசைய இன்னுங் கொஞ்சம் முறுக்கு, நசிமா" என்பார். முறுக்கினால், "முன்ன இருந்ததே நல்லாருந்துச்சே" என்பார். பிறகு உங்களிடம், "பட்டன் அமுக்குற வேலைக்கு இந்தப் பிள்ளை எம்புட்டு நேரம் எடுக்குது பாத்தீகளா பாய்?" என்பார். நீங்களும் சிரிப்பீர்கள்.

அவர் சொன்னது நியாயம். அமுக்கினேன்.

படக் கோப்பை, தரத்தைக் குறைத்து வைத்து ஜேபிஜியாக மாற்றினால் படத்தின் நுணுக்கம் கொஞ்சம் உதிரும். கண்ணுக்குத் தெரியாது. அதை பிஎன்ஜியாக்கி, மறுபடி ஜேபிஜியாக்கினால் இன்னும் கொஞ்சம். அண்ணாச்சி 'பட்டன்' என்று சொல்லும்போதெல்லாம் ஒரு தடவை மாற்றினேன். அதற்கு மேல் செய்யவில்லை. எனக்கும் மனசாட்சி இருக்கிறது. முதலில் இமை போனது. பிறகு மூக்கு. சென்ற சீசனில் மீசையும் வாயும் ஒன்றாகிவிட்டன. ஒவ்வொரு தடவையும் புரூஃப் பார்த்து, "பிரமாதம்" என்று சொன்னது நீங்கள் இருவரும்தான்.

காரியாபட்டிக் கடைக்காரர் ஒருவர் அந்த அட்டையைக் கத்தரித்து, திருஷ்டிப் பூசணிக்குப் பதிலாகக் கடை வாசலில் கட்டியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. இப்போது ஊரெல்லாம் "பூசணிக்கா மார்க்கு" கேட்டு ஆர்டர் குவிகிறது. அண்ணாச்சியோ, "எம் மூஞ்சியக் குடு தாயி" என்று அழுகிறார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கொடுக்க என்னிடம் முகம் இல்லை. மூலப் படத்தையும் நான்தான் அழித்தேன்.

கோபத்தில் செய்ததல்ல. எனக்குக் கோபமே வராது. "பட்டன் அமுக்குற பிள்ளைக்கு இம்புட்டுப் பேச்சா" என்று சற்றுமுன் நீங்கள் முனகியதைக்கூட நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை, பாய். உங்கள் மகள் மஹ்ரீனின் நிக்காஹ் படங்களைத்தான் இப்போது ஜேபிஜியாக மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

மாப்பிள்ளைக்கு இன்னும் மூக்கு இருக்கிறது.