ஒரு விரல் கூடுதல்

வரதராஜன்: “12-9-1983. பத்திரிகை ஆசிரியருக்கு. என் மைத்துனர் பரந்தாமனின் தேய்ந்த தோள்மூட்டில் அளவுக்கு மீறிய உலோகக் குண்டைப் பொருத்தியதால், நெசவாளியான அவருடைய வலக்கை மார்புக்கு மேல் எழவில்லை.” எப்படி?

பரந்தாமன்: நல்லாத்தான் கீது பாவா. திருத்தணி தபாலாபீசு மூடறதுக்குள்ள முடிங்க.

வரதராஜன்: அடுத்த வரியில் அந்த மருத்துவரைச் சாடுகிறேன்.

பரந்தாமன்: அவரை எதுக்கு...? குண்டு பெருசானா சுத்தியும் சதை விறைச்சிக்கும்னு அவரேதான் சொன்னார். தறியில பாவு நூலை மீறி இழுத்துக் கட்டினா, மிதிச்சாலும் இழை பிரியுமா? அப்பிடித்தான்.

வரதராஜன்: தெரிந்தும் ஏன் பொருத்தினார்?

பரந்தாமன்: அறுத்தப்புறம் பாத்தா அது ஒண்ணுதான் இருந்துச்சாம். மெட்ராஸ் கடையில நாம வாங்கியாந்து குடுத்தது...

வரதராஜன்: கொஞ்சம் தண்ணீர் கொடு.

பரந்தாமன்: இந்தாங்க.

வரதராஜன்: ம்... இரு! சொம்பு மாடத்தில் அல்லவா இருந்தது? எந்தக் கையால் எடுத்தாய்?

பரந்தாமன்: வலக்கைதான்.

வரதராஜன்: காது உயரமடா அது!

பரந்தாமன்: ஆங். தினம் சுவத்துல விரலாலேயே ஏறிக்கினு இருக்கேன். கரிக்கோடு பாருங்க... பங்குனியில மார்பு, ஆடிக் கிருத்திகைக்குத் தாடை, இப்போ காது. தலைக்கு மேல போவாதாம். தறிக்குப் போதும், மறுபடி அறுக்க வேணாம்னுட்டார் டாக்டர்.

வரதராஜன்: தறியா? மேலே தொங்கும் நாடாக் கயிறு எட்டுமா?

பரந்தாமன்: ஒரு சாண் நீட்டிக் கட்டிட்டேன். நேத்து ஒரு லுங்கி முழுசா இறக்கினேன்.

வரதராஜன்: என்னிடம் ஏன் மறைத்தாய்?

பரந்தாமன்: எட்டு மாசமா சரியா சோறு துன்னலியே நீங்க. கடுதாசி எழுதறப்பதான் முகத்துல கொஞ்சம் தெம்பு வந்துச்சு. கெடுப்பானேன்?

வரதராஜன்: நான் உண்ணாததற்கு... வேறு காரணம்.

பரந்தாமன்: தெரியும் பாவா. சின்ன சைஸுன்னு டாக்டர் எழுதின சீட்டு உங்க சட்டைப் பையில இருந்துச்சு. அக்கா கண்ணுல படாம எடுத்து வெச்சிட்டேன்.

வரதராஜன்: எட்டு மாசமாவா...? அந்தப் பேனாவைக் குடுடா. “வாசகர்களே! மருத்துவர் எழுதித் தரும் அளவையே வாங்குங்கள். துவைத்தால் சுருங்கும் துணியென்று எண்ணி, ஒரு விரல் கூடுதலாக வாங்கியவன் நான். நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.”